கேசட்டில் இல்லாத வயலின்

லேப்டாப்பைத் திறந்து, பாட்டு மொத்தத்தையும் அதில் ஏற்றிவைத்து, காதுக்குள் ஒரு குமிழைச் செருகிக்கொண்டு மேடையில் ஜம்மென்று நிற்கிறீர்களே, உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன். நாங்கள் பாடிய காலத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்காது. பந்தியில் ரசம் கேட்கிறவரின் குரல்தான் நன்றாகக் கேட்கும். அதைத் தாண்டிப் பாடிப் பாடியே என் தொண்டை இப்படி ஆனது. இப்போது போனை எடுத்து ஹலோ என்றால், "சார், வீட்ல அம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். நானும் சளைக்காமல், "குளிக்கப் போயிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

உங்களில் ஒருத்தி போன வாரம் வந்து, "ராணி அக்கா, மேடையில நீங்க பார்த்த பெரிய சிக்கல் எது?" என்று கேட்டாள். கரண்ட் போனது, பந்தல் ஒழுகியது, குடித்துவிட்டு மேடையேறிய ஒருவர் மைக்கைக் கொடுக்க மாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டது, எல்லாம் உண்டு. ஆனால் அவையெல்லாம் வெளியிலிருந்து வந்த தொல்லைகள். பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, சமயம் பார்த்துக் காலை வாரிய தொல்லை ஒன்று உண்டு. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசை, ஏனென்றால் அது உங்களுக்கும் வரும்.

முதலில் ஒரு சின்னக் கதை. செல்போன் எல்லார் கைக்கும் வந்த புதிதில், பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பாடப் போயிருந்தோம். ஒரு பையன் சீட்டு அனுப்பி ஒரு பாட்டுக் கேட்டான். பல்லவியை முடித்துச் சரணத்துக்குள் போகிறேன், அவன் முகம் சுருங்குகிறது. மேடைக்குக் கீழே வந்து, "மேடம், பாட்டு முடிஞ்சிடுச்சில்ல? நீங்க இன்னும் பாடிட்டே இருக்கீங்க" என்றான். விசாரித்தால், அந்தப் பாட்டை அவன் தன் காதலியின் காலர் ட்யூனில் மட்டும்தான் கேட்டிருக்கிறான். சரணம் வருவதற்குள் அவள் போனை எடுத்துவிடுவாளாம். கொடுத்துவைத்தவன்.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் எல்லாருமே அந்தப் பையன்தான். பாட்டு எதில் ஏறி நம்மிடம் வருகிறதோ, அது கொடுத்த அளவைத்தான் நாம் பாட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். இனி என் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூர் மர்பி டவுனில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடகியாகச் சேர்ந்தேன். சில வருஷத்தில் குழுவின் முதலாளி துபாய்க்குப் போனார். மைக் செட்டும், பாதி கிழிந்த பேனரும், குழுவும் என் தலையில் விழுந்தன. பொம்பளை நடத்துகிற ஆர்கெஸ்ட்ரா என்று சிலர் முகத்தைத் திருப்பினார்கள், சிலர் அதற்காகவே கூப்பிட்டார்கள். என்னோடு கடைசிவரை நின்றவர்கள் இரண்டு பேர். கீபோர்டு வாசித்த ஃபிரெடி, ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், சின்ன வயதிலிருந்தே சர்ச்சில் ஆர்கன் வாசித்த கை. டோலக் வாசித்த அன்வர் பாய், பக்கத்துத் தெருக்காரர், வாயில் தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் ஒன்றாகவே வரும். ஃபிரெடிக்கு எதற்கெடுத்தாலும் பதற்றம். அன்வர் பாய்க்கு எது வந்தாலும் சிரிப்பு. இரண்டுக்கும் நடுவில் நான் கத்திக்கொண்டிருப்பேன்.

அப்போது நாங்கள் பாட்டுப் பழகியதெல்லாம் கேசட்டில்தான். ரிவைண்டு செய்து, ரிவைண்டு செய்து, பட்டன் தேய்ந்துபோகும். அல்சூர் பக்கம் ஒரு பாட்டுப் பதிவுக் கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் ரெக்கார்டிங் அண்ணன் என்போம். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளை எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார். அந்தக் கடைக்கு ஏன் அவ்வளவு கூட்டம் தெரியுமா? மற்ற கடையில் ஒரு கேசட்டில் கொள்ளுகிற பாட்டை விட இவர் கேசட்டில் ஓரிரு பாட்டு கூடவே கொள்ளும்.

அது எப்படிக் கொண்டது என்பதுதான் விஷயம். வானொலியில் ஓடி எல்லார் காதிலும் பதிந்த பாட்டுகளை அவர் தொடமாட்டார். ஓடாத படத்துப் பாட்டு, யாரும் அதிகம் கேட்டிராத பாட்டு என்றால், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற இடையிசையில் பாஸ் பட்டனை அழுத்திவிடுவார். சரணம் தொடங்கும் இடத்தில் விரலை எடுப்பார். தாளம் ஒரு மாத்திரை தப்பாது. ஒட்டுப்போட்ட இடம் என்று எந்தக் காதுக்கும் தெரியாது. யாராவது கண்டுபிடித்துக் கேட்டால், "நீ பாட்டு கேக்க வந்தியா, பீப்பி கேக்க வந்தியா? ஒரு பாட்டு எக்ஸ்ட்ரா வந்துகீது பாரு, அத்தப் பாரு" என்று வாயை அடைத்துவிடுவார். எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் பாட்டு அவர் வெட்டிய அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் நல்லவர். இடையிசை என்றால் மட்டும் ஏனோ ஆகாது.

தொண்ணூறுகளின் கடைசியில் மலரின் கல்யாணம் வந்தது. மலர் எங்கள் மர்பி டவுன் பெண். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்த பாலாஜிக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அந்தக் கம்ப்யூட்டர் அதற்கப்புறம் அடிக்கடி பழுதானதாகச் சொல்வார்கள். பையன் ஆம்பூர்ப் பக்கம். இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, கல்யாணத்துக்கு முந்தின மாலை ரிசப்ஷனுக்கு எங்கள் குழுவை ஏற்பாடு செய்தார்கள்.

பாட்டு வரிசை பேச மலர் வீட்டுக்குப் போனேன். மலர் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னாள்.

"அக்கா, ரிசப்ஷன்ல நானும் அவரும் ஒரு டூயட் பாடப்போறோம். நீங்கதான் வாசிக்கணும்."

"அடியே, இது நல்லாருக்கே! எந்தப் பாட்டு?"

அவள் சொன்ன பாட்டை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஓடாத ஒரு படத்தில் வந்த டூயட். அவள் வீட்டுக் கேசட்டில் இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பாட்டாம். பாலாஜியிடம் சொன்னபோது அவனும் தேடிப்பிடித்துக் கற்றுக்கொண்டானாம். அப்போதுதான் பழைய பாட்டுகளையெல்லாம் சிடியில் தொகுப்பாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒன்றில் அந்தப் பாட்டும் இருந்திருக்கிறது. அறையில் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தினமும் சாமி கும்பிடுகிற மாதிரி கேட்கிறானாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குரல் வந்தது. "பொண்ணு மேடையேறிப் பாடப் போறாளா?"

பாலாஜியின் அம்மா. மலரின் ஜாக்கெட் அளவு வாங்க வந்திருந்தவர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்துவிட்டார். மலர் முகத்தில் ரத்தம் இல்லை. நான்தான் வாயைத் திறந்தேன். "ஒரே ஒரு பாட்டும்மா. உங்க பையனும் கூடப் பாடறார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் சொன்னான். வேணாம்னுதான் சொன்னேன். கேக்கமாட்டேங்கறான். ஏம்மா, எங்க பக்கத்துல பொண்ணுன்னா தலை குனிஞ்சு நிக்கும். எங்க நாத்தனார் ஒருத்தி இருக்கா. பொண்ணு பார்த்துட்டு வந்த அன்னிக்கே, பெங்களூர்ப் பொண்ணு அடங்காதுன்னு ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தல. இவ நல்லாப் பாடிட்டா பரவால்ல. அதுல ஒரு கோணல் வந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, அவ ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. இவளையும் சொல்லுவா, என்னையும் சொல்லுவா."

"கோணல் வராதும்மா. நான் பொறுப்பு" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது அப்புறம்தான் உறைத்தது. மலர் அந்த வீட்டில் வாழப்போகிறவள். முதல் நாளே ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டால் அது பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் காது குத்துகிறபோதும் கூடவே வரும். அந்தப் பெண் அன்று ஒரு பாட்டை மட்டும் பாடப்போகவில்லை, தன் மரியாதையை மேடையில் வைக்கப் போகிறாள் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

ஒத்திகைக்கு மலர் மட்டும்தான் வந்தாள். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஓரிடத்தில் உட்கார்ந்து பாடிப் பழகுவதா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களுமே முடியாது என்றுவிட்டார்கள். ஆனால் அவர்கள் இருவரும் போனில் பழகியிருந்தார்கள். அவன் தெருமுனையில் காசு போட்டுப் பேசுகிற போனிலிருந்து கூப்பிடுவான். இவள் பக்கத்து வீட்டு போனில் நின்று பாடுவாள். பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு எல்லாரும் கேட்பார்களாம். அந்த போன் கொஞ்ச நேரத்திலேயே கீச்சென்று கத்தி, இன்னொரு காசு கேட்கும். அதனால் இவள் பகுதி முடிந்ததும் அவன் பகுதி, அவன் பகுதி முடிந்ததும் இவள் பகுதி. நடுவில் வாத்தியம் வருகிற இடத்துக்கு யார் காசு போடுவார்கள்?

எங்கள் ஒத்திகை நடந்தது மலரின் கேசட்டை வைத்துத்தான். ஒரு நாள் பக்கத்து வீட்டு போனில் பாலாஜியைப் பிடித்து, "தம்பி, கொஞ்சம் பாடு" என்றேன். பாடினான். நல்ல குரல், சுருதி நின்றது. ஆனால் ஃபிரெடி கீபோர்டில் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, கேசட்டைவிட அரைக்கட்டை கீழே பாடறார்" என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. கேசட் பதிந்த இயந்திரம் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கிறது, அதனால் பாட்டே அரைக்கட்டை மேலே ஏறிவிட்டது. சிடியில்தான் சரியான சுருதி. எல்லாவற்றையும் அரைக்கட்டை இறக்கி வாசித்தோம். மலருக்கும் பாட இன்னும் சுகமாக இருந்தது. கேசட்டுக்கும் சிடிக்கும் நடுவில் இருந்த பேதத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அன்று முழுக்க மூன்று பேருக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பீற்றிக்கொண்டேன்.

உங்களைத் தவிக்க விடுவானேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னொரு பேதம் இருந்தது. அந்தக் கேசட் ரெக்கார்டிங் அண்ணன் கைவண்ணம். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற நீண்ட வயலின் இசையை அவர் வழக்கம்போல முழுங்கியிருந்தார். மலருக்கு அது தெரியாது, அவள் அந்தப் பாட்டை வேறெங்கும் கேட்டதில்லை. எங்களுக்கும் தெரியாது. பாலாஜிக்கு அந்த வயலின்தான் பாட்டிலேயே ரொம்பப் பிடித்த இடம்.

ரிசப்ஷன் மாலை வந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் பெங்களூர் வழக்கப்படி பிள்ளையார் பாட்டு ஒன்று, அப்புறம் கன்னடப் பாட்டு ஒன்று, அதற்கப்புறம்தான் தமிழ். மண்டபத்து மேனேஜர் வந்து, "மேடம், சவுண்ட் ஸ்வல்ப கம்மி மாடி" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு ஒன்றும் குறைக்கவில்லை. அதுவும் வழக்கம்தான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பாடப்போகிறார்கள் என்று அறிவித்ததும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பந்தியிலிருந்து சிலர் இலையை மூடாமலே எழுந்து வந்தார்கள். முன்வரிசையில் பாலாஜியின் அம்மா, மடியில் கையைக் கோத்துக்கொண்டு. பக்கத்தில் இருந்த அம்மாள்தான் நாத்தனார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உதட்டை ஒருபக்கம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மலர் மைக்கைப் பிடித்தாள். பாட ஆரம்பித்தாள். அடடா, என்ன குரல் என்கிறீர்கள்! முதல் சரணத்தில் ஒரு இடத்தில் மேலே போய் நின்று இறங்கினாள், அன்வர் பாய் வாசித்துக்கொண்டே, "வாவ்வா!" என்றார். பாலாஜி அவளைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கம் வந்தது. பல்லவி திரும்ப வந்து முடிந்தது. எங்கள் கணக்குப்படி டோலக்கில் ஒரு சின்ன உருட்டல், உடனே பாலாஜி இரண்டாவது சரணத்தை எடுக்க வேண்டும்.

உருட்டல் வந்தது. ஃபிரெடி சரணத்துக்கு வாசித்தார். பாலாஜி வாயைத் திறக்கவில்லை. மைக்கை இடுப்போடு வைத்துக்கொண்டு, ஃபிரெடியைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறான், இதோ வரப்போகிறது என்பதுபோல. ஒரு சுற்று போனது. மலர் முழங்கையால் இடித்தாள். இவன் மெதுவாக, "இன்னும் மியூசிக் வரலையே" என்றான்.

"எந்த மியூசிக்?" என்றாள் மலர்.

அவள் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அந்த "எந்த மியூசிக்" மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் கணீரென்று ஒலித்தது.

ஒரே சிரிப்பு. "மாப்பிள்ள மறந்துட்டாருப்பா!" என்று ஒரு குரல். "மாப்பிள்ள இல்ல, பொண்ணுதான் எதையோ விட்டுடுச்சு" என்று இன்னொரு குரல். அது முன்வரிசையிலிருந்து வந்தது, யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. மலர் மைக்கை இறக்கிவிட்டாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. பாலாஜியின் அம்மா அசையவில்லை. கோத்த கை மட்டும் இறுகியது.

ஃபிரெடி என் பக்கம் சாய்ந்து, "அக்கா, பல்லவி எடுத்து க்ளோஸ் பண்ணிடலாம், ப்ளீஸ், க்ளோஸ் பண்ணிடலாம்" என்றார். பண்ணலாம்தான். ஆனால் பாதிப் பாட்டில் கவிழ்ந்தவள் என்ற பேச்சு மலருக்கு நிலைத்துவிடும். பாலாஜியின் வரியை நானே பாடிவிடலாம், வரி எனக்குத் தெரியும். அப்புறம் மாப்பிள்ளைக்குப் பொம்பளைக் குரல் என்று அவனை ஓட்டுவார்கள். நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தாலும் அதே இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்ளும், ஏனென்றால் என்ன கோளாறு என்றே எனக்குத் தெரியாது.

அன்வர் பாய் மட்டும் நிறுத்தவே இல்லை. "நக்கோ மேடம், டென்ஷன் வேணாம். நான் ஓட்டினு இருக்கேன், நீங்க மெதுவா யோசிங்க" என்றார். மெதுவாக யோசிக்கிற இடமா அது! ஆனால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சில்தான் பாலாஜி சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. மியூசிக் வரலையே. மறந்தவன் முகம் அப்படி இருக்காது. மறந்தவன் தரையைப் பார்ப்பான், கூரையைப் பார்ப்பான். இவன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து இலையில் பாயசம் விழும் என்று பார்க்கிறவன் மாதிரி நிற்கிறான். அப்படியென்றால் எங்களிடம் இல்லாத ஏதோ ஒன்று இவனிடம் இருக்கிறது. ரெக்கார்டிங் அண்ணனின் விரல் எனக்கு அந்த நொடியில் கண்முன் வந்தது. அட பாவி மனுஷா!

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் நடுவில், வாசலில் நிற்கிற காரை எடுக்கச் சொல்லியோ, தலைவர் யாராவது வந்துவிட்டார் என்றோ அறிவிக்கச் சொல்லி சீட்டு வரும். அப்போது நான் கையை மடக்கித் தலைக்கு மேல் தூக்குவேன். டோலக்கைத் தவிர எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும். தாளம் ஓடிக்கொண்டிருக்கும், நான் காரை எடுக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுக்குத் திரும்பிவிடுவேன். அன்றைக்கு அந்தக் கையைத் தூக்கினேன். ஃபிரெடி கையை எடுத்தார். டோலக் மட்டும் ஓடியது.

என் மைக்கில், ஏற்கெனவே பேசி வைத்த மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னேன். "இப்போ இந்த இடத்துல வர்ற மியூசிக்கை, நம்ம மாப்பிள்ளை தன் பொண்டாட்டிக்காகத் தன் வாயாலயே பாடப்போறார்! எங்கே, ஒரு கைதட்டு!"

கைதட்டினார்கள். பாலாஜி என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், பாடுடா ராஜா, பாடு. அவன் மலரைப் பார்த்தான். அவள் கண்ணில் நீரைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். மைக்கை மேலே தூக்கி, "தன்னன்னானா..." என்று தொடங்கினான்.

முதல் வரி கொஞ்சம் தடுமாறியது. இரண்டாவது வரியில் பிடித்துக்கொண்டான். வயலின் எங்கே குழையும், எங்கே விட்டுப் பிடிக்கும், எல்லாம் அவன் வாயில் வந்தது. ஹெட்போனில் தினமும் கேட்டவன் இல்லையா, நடுவில் டோலக் போடுகிற உருட்டலைக்கூட விடவில்லை, "தகதகதிட" என்று வாயாலேயே போட்டான். அன்வர் பாய்க்கு வந்ததே சிரிப்பு! "அரே பாப்ரே!" என்று அந்த உருட்டலை அப்படியே டோலக்கில் திருப்பிக் கொடுத்தார். இவன் இன்னொன்று போட்டான், அவர் அதையும் திருப்பிக் கொடுத்தார். மண்டபம் ஆர்ப்பரித்தது. ஃபிரெடி பதற்றத்தையெல்லாம் மறந்து, காதைச் சாய்த்து ஒவ்வொரு சுரமாகப் பிடித்து அவன் பின்னாலேயே போனார். நான் பாடகி, என் வேலை பாடுவது. ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டு கேட்டதுதான் நான் மேடையில் செய்த நல்ல காரியம்.

மலரைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு. அதற்குள் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று அவள் அப்போதுதான், கல்யாண மேடையில், அவன் வாயால் கேட்கிறாள். நீர் கட்டிய கண்ணோடே சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் இன்னொரு மேடையில் பார்த்ததில்லை. இசை முடிந்த இடத்தில் பாலாஜி கொஞ்சமும் இடைவெளி விடாமல் சரணத்தை எடுத்தான், மலர் அதற்குப் பதில் பாடினாள், பாட்டு முடிந்தது. விசில் பறந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியைத் தட்டினார்கள்.

மாமியார் மேடைக்கு வருவதற்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யாராவது உங்களோடு மேடையேறிப் பாட வந்தால், எந்தப் பாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். எதில் கேட்டுப் பழகினாய் என்றும் கேளுங்கள். கேசட்டில் பழகியவரிடம் ஒன்று குறையும், காலர் ட்யூனில் பழகியவரிடம் முக்கால்வாசி குறையும், இப்போது போனில் நாலு விநாடிக்கு ஒரு பாட்டைத் தள்ளித் தள்ளிக் கேட்கிறீர்களே, உங்களிடம் என்னவெல்லாம் குறைகிறது என்று சாமிக்குத்தான் தெரியும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது சரியாகவே இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதிரில் நிற்கிறவர் எதற்காகவோ காத்திருக்கிறார் என்று தெரிந்தால், தயவுசெய்து கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். தாளத்தை மட்டும் விடாதீர்கள். அன்வர் பாய் மாதிரி ஒருவர் இருந்தால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இனி மாமியார். கைதட்டல் அடங்குவதற்குள் பாலாஜியின் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் படி ஏறி வந்தார். மலருக்குச் சிரிப்பு போய்விட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் இவளே முந்திக்கொண்டாள்.

"அத்தை, தப்பாயிடுச்சு. மன்னிச்சிடுங்க. அந்த மியூசிக் எங்க கேசட்லயே இல்ல. அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது."

அவர் சட்டென்று என் மைக்கைக் கையால் பொத்தினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"கத்தாதேடி, ஊருக்கே கேக்கும். தப்பு கிப்புன்னு யார்கிட்டயும் உளறி வெக்காதே. அந்த இடத்துல வாத்தியத்த நிறுத்திட்டு எம்புள்ள வாயாலயே பாடணும்னு நான்தான் யோசனை சொன்னேன்னு எங்க நாத்தனார்கிட்ட சொல்லிட்டேன். வீட்ல உக்கார வெச்சு நான்தான் பழக்கினேன்னும் சொல்லிட்டேன். அவ மூஞ்சி போன போக்க நீ பாக்கணுமே! நீ பாட்டுக்கு மாத்திப் பேசி என் மானத்த வாங்கிடாதே, ஆமா."

மலருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பவுடர் ஒட்டுதுடி" என்றார் அவர். ஆனால் தள்ளிவிடவில்லை.

என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அதே பாட்ட இன்னொரு வாட்டி பாட முடியுமா? எங்க பெரியவரு பந்தியில இருந்தாரு, சரியாக் கேக்கல."

முடியாது என்பேனா? மறுபடி ஆரம்பித்தோம். அந்தப் பெரியவரை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பாலாஜியின் அம்மா நாத்தனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முதல் சரணம் போனது, பல்லவி திரும்பியது. நான் கையைத் தூக்கினேன், ஃபிரெடி கையை எடுத்தார், டோலக் தனியாக ஓடியது. பின்வரிசையில் யாரோ பேச வாயெடுத்தார்கள். பாலாஜியின் அம்மா பின்னால் திரும்பி, விரலைத் தூக்கி, எல்லாரையும் ஒரு அதட்டு அதட்டினார்.

"சும்மா இருங்க. இப்போ என் மருமகளுக்காக ஒண்ணு வரும், கேளுங்க."

வந்தது. இந்தத் தடவை மலரும் கூடப் பாடினாள்.